ஜல்லிக் கல்லை ரசிப்பது எப்படி?

நட்சத்திரம் காட்டப் பிள்ளைகளைக் கோளரங்கத்துக்குக் கூட்டிப்போகிறோம், யானை காட்ட முதுமலைக்குப் போகிறோம். காலடியில் கிடக்கும் கல்லைக் காட்ட மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. மனப்பாடம் செய்து மார்க் வாங்கும் பாடம் என்று பெற்றோரே அதை ஒதுக்குகிறார்கள். எனக்கு இதில் தீராத கோபம்.

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடலாம். உருகிய குழம்பு ஆறி இறுகினால் தீப்பாறை. மணலும் வண்டலும் படிந்து இறுகினால் படிவுப் பாறை. எதுவானாலும் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் பட்டு மாறினால் உருமாறிய பாறை. பாறை என்பது பெரும்பாலும் பல கனிமங்களின் கூட்டு. இவ்வளவு போதும், தெருவில் இறங்குங்கள்.

வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு ஒரு கருங்கல் ஜல்லியை எடுத்துக் கழுவுங்கள். வெயிலில் பிடித்து மெல்லத் திருப்புங்கள். ஏதோ ஒரு கோணத்தில் ஒரு துணுக்கு பளிச்சென்று மின்னும், இன்னும் கொஞ்சம் திருப்பினால் அணைந்துவிடும். அது பெரும்பாலும் ஃபெல்ஸ்பார். பக்கத்திலேயே எண்ணெய்ப் பசையாக மினுமினுத்து, எப்படித் திருப்பினாலும் அப்படிப் பளிச்சிடாமல் இருப்பது குவார்ட்ஸ். ஊரில் வெங்கச்சங்கல் என்பார்களே, அதே கனிமம்தான்.

இந்த வித்தியாசத்துக்குப் பிளவு, முறிவு என்று பெயர். பாடநூல் இதை ஓரிரு வரியில் தாண்டிவிடும். என்னைக் கேட்டால் பாறையைப் பார்க்கும் கலையில் பாதி இதுதான். ஃபெல்ஸ்பாருக்குள் சில தளங்களில் அணுப் பிணைப்பு பலவீனமானது. அடித்தால் அங்கேதான் பிளக்கும், அதனால் முகம் தட்டையாக இருக்கும். காக்காப்பொன் ஒரே திசையில் ஏடு ஏடாக உரியும். குவார்ட்ஸில் சிலிக்கனும் ஆக்சிஜனும் எல்லாத் திசையிலும் இறுகப் பின்னிக் கிடப்பதால், உடைந்த பாட்டில் போல வளைந்து முறியும். "குவார்ட்ஸ் படிகத்துக்கும் தட்டையான முகம் உண்டே" என்று கேட்கலாம். அது வளர்ந்த முகம், பிளந்த முகம் அல்ல. உடைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். மழையும் காற்றும் பட்டு ஃபெல்ஸ்பார் களிமண்ணாகிவிட, குவார்ட்ஸ் மட்டும் தாக்குப்பிடித்து ஆற்றோடு கடலுக்கு வருகிறது. மெரினா மணலில் அது நிறைந்திருப்பது அதனால்தான்.

பள்ளிக் கண்காட்சிகளில் தெர்மாகோல் மலைக்குள் சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றி எரிமலை என்கிறார்கள். அதில் நிலவியல் துளியும் இல்லை. நிறத்தை வைத்துக் கல்லை அடையாளம் சொல்வது அதைவிட மேலோட்டம். குவார்ட்ஸ் வெள்ளையிலும் வரும், ஊதாவிலும் வரும், புகை நிறத்திலும் வரும். அந்த ஊதாவைக் கையில் கட்டினால் மனம் அமைதியாகும் என்று விற்கிறவர்களை நான் பொருட்படுத்துவதே இல்லை.

ஒன்று சொல்கிறேன், நமக்குள் இருக்கட்டும். எனக்குப் பிடித்த கல் பல்லாவரத்தில் இருக்கிறது. கொல்கத்தாவில் புனித ஜான் தேவாலயத்தில் உள்ள ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இந்தப் பாறைதான். அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் சார்னாக்கின் பெயராலேயே அந்தப் பாறையைச் சார்னகைட் என்று அழைத்தார். பல்லாவரத்துக் கல் சுமார் 250 கோடி ஆண்டுக்கு முன், பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் கீழே உருவானது. இன்று மேலே கிடக்கிறதென்றால், அதன் தலைமேல் இருந்த அத்தனையும் கரைந்து போயிருக்கிறது!

போனால் எதையும் உடைக்காதீர்கள், ஏற்கெனவே உடைந்து கிடக்கும் துண்டு போதும். அதில் ஃபெல்ஸ்பாரும் நீலச் சாம்பல், குவார்ட்ஸும் நீலச் சாம்பல். நிறம் அங்கே கைகொடுக்காது. எது பிளந்தது, எது முறிந்தது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.