மிசஸ் டவுட்ஃபயர்: மீண்டும் சேராத பெற்றோர்

மிசஸ் டவுட்ஃபயர் 1993 நவம்பரில் வெளிவந்த அமெரிக்க நகைச்சுவைத் திரைப்படம். கிறிஸ் கொலம்பஸ் இயக்கினார். ராபின் வில்லியம்ஸ், சாலி ஃபீல்ட், பியர்ஸ் பிராஸ்னன் ஆகியோர் முதன்மைப் பாத்திரங்களில் நடித்தனர். ஆங்கில எழுத்தாளர் ஆன் ஃபைன் 1987-இல் வெளியிட்ட சிறார் நாவலைத் தழுவி ரேண்டி மேயம் சிங்கர், லெஸ்லி டிக்சன் இருவரும் திரைக்கதை எழுதினர். தமிழ் வாசகர்கள் பலருக்கும் இது ஔவை சண்முகியின் மூலப்படம் என்ற அளவிலேயே அறிமுகம். ஆனால் இரு படங்களும் முக்கியமான ஓரிடத்தில் பிரிகின்றன. அமெரிக்கப் படத்தில் கணவனும் மனைவியும் கடைசிவரை சேர்வதில்லை. படத்தை மதிப்பிட வேண்டிய இடமும் அதுவே.

கதை

டேனியல் ஹில்லார்ட் கார்ட்டூன் படங்களுக்குப் பின்னணிக் குரல் கொடுப்பவன். சான் பிரான்சிஸ்கோவில் மனைவி மிராண்டா, மூன்று பிள்ளைகளுடன் வாழ்கிறான். பிள்ளைகளுக்கு அவன் கொண்டாட்டம். மனைவிக்கு நான்காவது பிள்ளை. மகனின் பிறந்தநாளுக்கு வீட்டுக்குள் விலங்குகளைக் கொண்டுவந்து நிறுத்திய அன்று மிராண்டா மணமுறிவு கேட்கிறாள். நிலையான வேலையும் முறையான வீடும் இல்லாத தந்தை பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் மட்டும் பார்க்கலாம் என்கிறது நீதிமன்றம். மிராண்டா வீட்டு வேலைக்கு ஆள் தேடுவதை அறிந்த டேனியல், ஒப்பனைக் கலைஞனான தன் சகோதரனின் உதவியோடு வயதான பிரிட்டானியப் பெண்ணாக மாறி அந்த வேலையைப் பெறுகிறான். பெயர் என்ன என்று மிராண்டா தொலைபேசியில் கேட்கும்போது, எதிரில் கிடக்கும் செய்தித்தாளில் தீவிபத்தைப் பற்றிய போலீஸ் சந்தேகம் தலைப்பாக இருக்கிறது. அதிலிருந்து அந்த நொடியில் பிறக்கிறது ‘டவுட்ஃபயர்’.

உருவாக்கம்

கொலம்பஸ் அதற்கு முன் ஹோம் அலோன் (1990) படத்தால் புகழ்பெற்றிருந்தார். மிசஸ் டவுட்ஃபயர் வில்லியம்ஸின் சொந்தத் தயாரிப்பு நிறுவனத்தின் படம். அப்போது அவருடைய மனைவியாக இருந்த மார்ஷா கார்செஸ் வில்லியம்ஸ் தயாரிப்பாளர்களில் ஒருவர். வில்லியம்ஸின் முதல் திருமணம் 1988-இல் மணமுறிவில் முடிந்திருந்தது, அதில் அவருக்கு ஒரு மகனும் உண்டு. மணமுறிவு பெற்ற தந்தையின் கதையை அவர் வெளியிலிருந்து பார்த்து நடிக்கவில்லை.

மேடைச் சிரிப்புரையில் வளர்ந்த வில்லியம்ஸ், எழுதப்பட்ட வசனத்தை ஓரிரு முறை அப்படியே பேசி முடித்துவிட்டு, பிறகு மனம்போல் பேச விடுமாறு கேட்பார். அடுத்து என்ன சொல்வார் என்று எதிரில் நிற்கும் நடிகருக்கும் தெரியாது, படப்பிடிப்புக் குழுவுக்கும் தெரியாது. ஆகவே கொலம்பஸ் ஒரே சமயத்தில் பல கேமராக்களை ஓடவிட்டார். வில்லியம்ஸின் வசனத்தை மட்டுமல்ல, அதைக் கேட்டவர்களின் முகத்தில் தோன்றும் முதல் வியப்பையும் பிடிக்க வேண்டியிருந்தது. அது இரண்டாம் முறை கிடைக்காது. இப்படிச் சேர்ந்த படச்சுருள்கள் 972 பெட்டிகளில் இருப்பதாகக் கொலம்பஸ் 2023-இல் ஒரு பேட்டியில் குறிப்பிட்டார். பிள்ளைகளாக நடித்த லிசா ஜேகப், மேத்யூ லாரன்ஸ், மாரா வில்சன் மூவரின் சிரிப்பு பல இடங்களில் நடித்த சிரிப்பாகத் தோன்றாததற்கு இந்த முறையும் ஒரு காரணம்.

ஒப்பனையிலும் படத்துக்கும் படப்பிடிப்புக்கும் வேடிக்கையான முரண் உண்டு. கதையில் டேனியல் முகமூடியை ஒரே இழுப்பில் கழற்றுகிறான், ஓடிக்கொண்டே மாட்டுகிறான். நிஜத்தில் கிரெக் கேனம் குழுவினர் நுரை ரப்பராலான பல துண்டுகளைத் தனித்தனியாக வில்லியம்ஸின் முகத்தில் ஒட்டினர். அதற்கு ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் பிடித்தது. அந்தத் துண்டுகள் முகத் தசையோடு சேர்ந்து அசைந்ததால்தான் கிழவியின் முகத்தில் கூச்சமும் பொறாமையும் தெரிகின்றன. முழு முகமூடியாக இருந்திருந்தால் பொம்மையே தெரிந்திருக்கும். கேனம், வீ நீல், யோலாண்டா டூசியெங் மூவரும் இப்படத்துக்காக ஒப்பனைக்கான ஆஸ்கர் விருது பெற்றனர்.

முகமூடி இல்லாத நேரத்தில் அதிகாரி வந்துவிட, டேனியல் கேக்கின் மேல் பூசிய கிரீமில் முகத்தைப் புதைத்து எழும் காட்சி பலருக்கும் நினைவிருக்கும். படப்பிடிப்பு விளக்குகளின் சூட்டில் கிரீம் உருகித் தேநீர்க் கோப்பையில் விழுந்தது திட்டமிடப்படாதது. விழுந்ததையே வசனமாக்கிக்கொண்டு வில்லியம்ஸ் தொடர்ந்து நடித்தார்.

படத் தொடக்கத்தில் டேனியல் குரல் கொடுக்கும் பறவைக் கார்ட்டூனை உருவாக்கியவர் அத்துறையின் மேதைகளில் ஒருவரான சக் ஜோன்ஸ் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

முடிவைப் பற்றிய முடிவு

பெற்றோரை இறுதியில் சேர்த்துவைக்கும் யோசனை தொடக்கத்தில் இருந்தது. குடும்ப நகைச்சுவைப் படத்தின் வழக்கமும் அதுதான். கொலம்பஸும் வில்லியம்ஸும் அதை ஏற்கவில்லை. அமெரிக்காவில் அக்காலத்தில் திரையரங்குக்கு வந்த பிள்ளைகளில் பலர் பிரிந்த பெற்றோரின் பிள்ளைகள். அப்பாவும் அம்மாவும் ஒருநாள் சேர்ந்துவிடுவார்கள் என்று ரகசியமாக நம்பும் பிள்ளைக்கு அந்த நம்பிக்கையைத் திரையில் விற்பது பொய் என்று அவர்கள் கருதினர்.

இந்த ஒரு தீர்மானம் மற்றப் பாத்திரங்களையும் மாற்றியது. மிராண்டாவை விரும்பும் ஸ்டூவை எடுத்துக்கொள்ளலாம். ஜேம்ஸ் பாண்டாக ஆவதற்கு முந்தைய பிராஸ்னன் நடித்த இப்பாத்திரத்தை வில்லனாக்குவது எளிது. அவன் கெட்டவன் என்று தெரிந்தால் மிராண்டா முன்னாள் கணவனிடம் திரும்பிவிடுவாள். ஆனால் ஸ்டூ நல்லவன், பிள்ளைகளிடம் பொறுமையாக இருக்கிறான். உணவகக் காட்சியில் ஒவ்வாத மிளகுத் தூளை அவன் உணவில் தூவுபவன் டேனியல்தான். மூச்சடைத்தவனைக் காப்பாற்ற ஓடுபவனும் டேனியல்தான், அந்த முயற்சியில்தான் அவன் முகமூடி கிழிகிறது.

அதன் பின் வரும் நீதிமன்றக் காட்சியில் டேனியல் உருக்கமாகப் பேசுகிறான். வழக்கமான படத்தில் நீதிபதி கண்கலங்குவார். இங்கே நீதிபதி அவனை நம்பவில்லை. இனி இன்னொருவர் கண்காணிப்பில்தான் பிள்ளைகளைப் பார்க்க முடியும் என்று தீர்ப்பளிக்கிறார். அந்த நீதிபதியைக் குறைசொல்லவும் முடியவில்லை. வேடமிட்டு வீட்டுக்குள் நுழைந்த ஒருவனைப் பற்றி வேறென்ன நினைப்பது? பிறகு மிராண்டாவே மனம் மாறி, பள்ளி முடிந்ததும் பிள்ளைகள் தினமும் தந்தையோடு இருக்க வழிசெய்கிறாள். அவள் திருத்திக்கொள்வது பிள்ளைகள் தொடர்பான ஏற்பாட்டை மட்டுமே. அவள் மனைவியாகத் திரும்புவதில்லை. பெற்றோர் பிரிந்ததால் கலங்கும் சிறுமியின் கடிதத்துக்கு டவுட்ஃபயர் தொலைக்காட்சியில் பதில் சொல்வதோடு படம் முடிகிறது.

குறைகள்

இத்தனை நேர்மையான முடிவை நோக்கிச் செல்லும் படம், வழியில் அவ்வளவு நேர்மையாக இல்லை. மிராண்டாவின் தரப்பு நியாயமானது: அவள் உழைக்கிறாள், கணக்குப் பார்க்கிறாள், கண்டிக்க வேண்டிய வேலையும் அவள் தலையில் விழுகிறது. ஆயினும் சிரிப்பு முழுவதும் டேனியலின் பக்கம் இருப்பதால், பார்வையாளர் அவளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடுகிறார்கள். சாலி ஃபீல்ட் இல்லாவிட்டால் அந்தப் பாத்திரம் வெறும் சிடுமூஞ்சியாக எஞ்சியிருக்கும். மகளின் எழுத்துக்கூட்டல் போட்டிக்குச் சென்ற இடத்தில் பெற்றோர் இருவரும் கடுமையாகச் சண்டையிடும் காட்சி படமாக்கப்பட்டு, பின்னர் நீக்கப்பட்டது. அது இருந்திருந்தால் படம் கனத்திருக்கும். ஆனால் டேனியலும் பிள்ளைகளைக் காயப்படுத்துபவன் என்பது தெரிந்திருக்கும்.

நாவலில் மூத்த பிள்ளைகள் கிழவியின் வேடத்துக்குள் இருப்பவர் தந்தையே என்பதை விரைவிலேயே கண்டுகொள்கிறார்கள். பெற்றோரின் பகைக்கு நடுவே அந்த ரகசியத்தைச் சுமக்கும் பாரம் அவர்கள்மேல் விழுகிறது. படம் அதை வெகுவாகத் தள்ளிப்போட்டு, கண்டுபிடிப்பைக் குளியலறைச் சிரிப்பாக்குகிறது. இங்கே இழப்பு நிஜமானது.

இரண்டு உணவு மேசைகளுக்கு இடையே உடை மாற்றி ஓடும் காட்சியின் நீளத்தையும் சொல்ல வேண்டும். விமர்சகர் ரோஜர் ஈபர்ட், பெண்வேட நகைச்சுவைக்கு டூட்ஸி (1982) படத்தை அளவுகோலாக வைத்து இதை ஒரு படி கீழே நிறுத்தினார். நகைச்சுவையின் நுட்பத்தைப் பொறுத்தவரை அது சரியான கணிப்பு. ஆனால் டூட்ஸியில் பிள்ளைகளின் வாழ்வு பணயமாக வைக்கப்படவில்லை. சுமார் 2.5 கோடி டாலரில் எடுக்கப்பட்ட மிசஸ் டவுட்ஃபயர் உலகெங்கும் 44 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அவ்வாண்டு அதைவிட அதிகம் வசூலித்த படம் ஜுராசிக் பார்க் மட்டுமே.

ஔவை சண்முகி

கே. எஸ். ரவிக்குமார் இயக்கி, கிரேசி மோகன் வசனம் எழுதிய ஔவை சண்முகி 1996-இல் வந்தது. ஔவையாராக மேடையில் வாழ்ந்த டி. கே. சண்முகத்தின் நினைவைத் தலைப்பில் கொண்ட அப்படம், பெண்வேடத்தைத் தமிழ் நாடக மரபோடு இணைத்தது. கமல்ஹாசனுக்கு ஒப்பனை செய்தவர் ஹாலிவுட் கலைஞர் மைக்கேல் வெஸ்ட்மோர். மாமியின் பேச்சு, சாதி பற்றிய கிண்டல், மாமியை மணக்கத் துடிக்கும் மாமனார் என்று கிரேசி மோகன் சேர்த்தவை மூலத்தில் இல்லாதவை. சிரிப்பின் அடர்த்தியில் தமிழ்ப் படம் மூலத்தை மிஞ்சுகிறது என்றே சொல்லலாம்.

ஆனால் பாண்டியனும் ஜானகியும் கடைசியில் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்களைப் பிரித்தது செல்வந்தரான தந்தையின் வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் இருந்த இடைவெளி என்று கதை அமைந்திருப்பதால், மனம் மாறினால் மணமும் திரும்பிவிடுகிறது. டேனியலையும் மிராண்டாவையும் பிரித்தது அப்படியொரு வெளிக்காரணம் அல்ல. ஒருவருக்கொருவர் கெட்டவர்களாக ஆகிக்கொண்டிருந்ததே காரணம் என்று மிராண்டா, கிழவியாக அமர்ந்திருக்கும் டேனியலிடமே சொல்லும் காட்சி உண்டு. தன் மனைவி தன்னைப் பற்றிச் சொல்வதை, பதில் பேச முடியாத முகத்தோடு அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். படம் முழுவதும் ஓயாமல் பேசிய வில்லியம்ஸ் அந்தக் காட்சியில் பெரும்பாலும் பேசுவதில்லை.