மின்சாரம் போன பிறகும்

செல்பேசியில் ஒரு புதிய எண்ணைப் பதிகிறோம். அந்த நொடியில் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. சார்ஜ் ஏற்றித் திறந்தால் பழைய எண்கள் ஒன்றுகூடக் குலையாமல் இருக்கின்றன. இந்தப் பாதுகாப்புக்குப் பின்னால் இருக்கும் எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸின் மூலநிரலைப் படிப்பது எனக்கு நல்ல கச்சேரி கேட்பதுபோல.

2000-இல் ரிச்சர்ட் ஹிப் இதை எழுதத் தொடங்கினார். அவர் வேலை பார்த்த அமெரிக்கப் போர்க்கப்பல் மென்பொருள், டேட்டாபேஸ் சர்வர் நின்றால் தானும் நின்றுவிடும். சர்வரே வேண்டாம், வட்டிலிருக்கும் கோப்பை நேராகப் படிப்போம் என்று நினைத்தார். என்ன செய்ய வேண்டும் என்பதைவிட, எது நடந்தாலும் நிற்கக் கூடாது என்பதே இதன் விதை. நம் அலுவலகங்களில் 'நான்-ஃபங்ஷனல்' என்று பெயரிட்டு, தேவைப் பட்டியலின் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுகிறோமே, அதுதான்.

இதன் இயல்பான எழுதும் முறையைப் பாருங்கள். ஒரு பக்கத்தை மாற்றுமுன், இருந்தது இருந்தபடி ஜர்னல் என்ற தனிக் கோப்பில் எடுத்து வைக்கிறது. அது வட்டில் இறங்கிய பிறகுதான் மூலக் கோப்பில் கைவைக்கிறது. வேலை முடிந்ததும் ஜர்னலை அழிக்கிறது. மாற்றம் உறுதியாவது அந்த அழிப்பில்தான். நடுவில் மின்சாரம் போனால் ஜர்னல் மிஞ்சியிருக்கும். அடுத்து அந்தக் கோப்பைத் திறக்கும் நிரல் அதைக் கண்டு, பழைய பக்கங்களைத் திருப்பி வைத்துவிட்டே மேற்கொண்டு போகும். எவ்வளவு எளிமை!

இதைச் சோதிக்கும் நிரல்கள் மூலநிரலைப் போல ஏறத்தாழ 590 மடங்கு. அவற்றில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். நிரல் முதன்முறை நினைவகம் கேட்கும்போது வேண்டுமென்றே 'இல்லை' என்று சொல்வார்கள். அடுத்த ஓட்டத்தில் இரண்டாம் முறை கேட்கையில். பிறகு மூன்றாம் முறை. மறுக்க இடமே இல்லாமல் வேலை முழுதாக முடியும்வரை இது தொடரும். ஒவ்வொரு மறுப்புக்குப் பின்னும் தரவு சிதையவில்லையா என்று பார்ப்பார்கள்.

எண்ணுக்கான இடத்தில் எழுத்தைப் போட்டாலும் ஏற்றுக்கொள்ளும் எஸ்க்யூலைட்டின் தாராளம் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. அப்படிப் போட்டால் மறுக்கும் கறாரான அட்டவணை 2021-இல்தான் வந்தது.

ஆனால் 2004-இல் வந்த மூன்றாம் பதிப்பில் எழுதிய கோப்பை இன்றைய பதிப்பு அப்படியே திறக்கிறது. 2050 வரை இதைப் பேணுவோம் என்று அதன் ஆசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.