புலிப் படமும் இருபது மீட்டர் தூரமும்

புலிகள் காப்பகத்துக்குள் நுழையும் சஃபாரி ஜிப்சி வண்டிகளில் கேமரா இல்லாத கையைப் பார்ப்பது இன்று அரிது. இந்தப் படமெடுப்பால் காட்டுக்கு நன்மையா, தொல்லையா?

நன்மை சிறிதல்ல. ஒரு புலிக்கு இருக்கும் வரிகள் இன்னொரு புலிக்கு இருப்பதில்லை. இதை வைத்தே 1990களில் காட்டுயிர் ஆய்வாளர் உல்லாஸ் கரந்த், கர்நாடகத்தின் நாகரஹொளேயில் தானியங்கிக் கேமராக்களைக் கொண்டு புலிகளைக் கணக்கிட்டார். நாடு தழுவிய 2018 புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன. பதிவான சுமார் 3.48 கோடிப் படங்களிலிருந்து 2,461 புலிகள் தனித்தனியே அடையாளம் காணப்பட்டன. வேட்டைக்காரர்களிடம் பிடிபடும் தோல் எந்தப் புலியுடையது என்று துப்புத் துலக்கவும் இந்தப் படங்கள் உதவுகின்றன. பயணிகள் எடுக்கும் படங்களுக்கும் பங்குண்டு. ராஜஸ்தானின் ரணதம்பூர் காப்பகத்தில் வாழ்ந்த மச்லி என்ற பெண்புலி 2016இல் இறந்தபோது நாடெங்கும் செய்தியானதற்கு அவர்கள் எடுத்துக் குவித்த படங்களும் ஒரு காரணம்.

குறை எங்கே தொடங்குகிறது? படத்தின் அழகு குறித்து நாம் வைத்திருக்கும் எதிர்பார்ப்பிலேயே தொடங்குகிறது. புலி கேமராவை நோக்கி நேரே நடந்துவர வேண்டும், கண் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதுதான் பலரின் ஆசை. அப்படி எடுக்க வேண்டுமானால் புலி போகும் பாதையில் வண்டியை முன்கூட்டியே கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும். ஒரு வண்டி நின்றால் பின்னாலேயே பத்து வண்டிகள் வந்துவிடும்.

தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், விலங்கிடமிருந்து இருபது மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கச் சொல்கின்றன. சுற்றி வளைப்பதைத் தடை செய்கின்றன. ஆனால் 2024 டிசம்பர் 31 அன்று மகாராஷ்டிரத்தின் உம்ரெட்-கர்ஹண்ட்லா சரணாலயத்தில் குட்டிகளோடு வந்த தாய்ப்புலியை இருபுறமும் வண்டிகள் மறித்தன. மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. ஓட்டுநர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் அபராதம் விதிக்கப்பட்டது; அவர்கள் பணியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார்கள். நடவடிக்கை சரியானதே. ஆனால் "இன்னும் கொஞ்சம் கிட்டே போங்க" என்று நச்சரித்து, டிப்ஸ் நீட்டும் பயணியின் ஆசையை அந்த அபராதம் தொடுவதில்லை.

கிட்டப் போவதால் படமாவது சிறக்கிறதா என்றால், அதுவும் இல்லை. சட்டகம் முழுக்க முகத்தை நிரப்பிய படங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. எந்தக் காடு, என்ன பருவம், விலங்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று எதுவும் அவற்றில் தெரிவதில்லை. மாறாக, காட்டுயிர் எழுத்தாளரும் ஒளிப்படக் கலைஞருமான மா. கிருஷ்ணன் எடுத்த கறுப்பு-வெள்ளைப் படங்களில் யானையின் நடத்தை தெரிகிறது, அது வாழும் காடும் தெரிகிறது. புலிக்காகவே ஓடும் வண்டியிலிருந்து பார்ப்பவருக்கு மானும் மரங்கொத்தியும் கண்ணில் படுவதேயில்லை என்பது இன்னொரு இழப்பு.

தடை இதற்குத் தீர்வாகாது. கேமரா வெளியேறினால் காட்டுக்கான சாட்சிகளும் குறைவார்கள். மாற வேண்டியது பாராட்டும் அளவுகோல். எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தது, சுற்றிலும் எத்தனை வண்டிகள் நின்றன என்று போட்டி நடுவர்களும் பத்திரிகை ஆசிரியர்களும் கேட்க வேண்டும். வழி மறித்து எடுத்த படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பரிசுக்கு உரியதல்ல.