ஆறு ரன் தூரம், நான்கு வருடம்

338 எடுத்தால் கோப்பை. கர்நாடகா எடுத்தது 331. 2010 ஜனவரி 14, சங்கராந்தி. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீட்டுக்கு வீடு எள்ளும் வெல்லமும் கைமாறிய அதே நாளில், அரை மணி நேரப் பயணத் தொலைவில், மைசூரு கங்கோத்ரி கிளேட்ஸ் மைதானத்தில் மும்பை 6 ரன் வித்தியாசத்தில் ரஞ்சிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. அது அவர்களுக்கு 39-வது கோப்பை. நமக்கோ பதினோரு வருடத்துப் பசி.

அந்த ஆட்டத்தைப் பற்றி இந்தப் பக்கம் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும், அன்றைக்கே ஜெயித்திருக்க வேண்டியது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்கோர் அட்டையை ஆற அமரப் பார்த்தால், கோப்பைக்கு அருகில் வந்துவிட்ட, ஆனால் இன்னும் தயாராகாத ஒரு அணிதான் அதில் தெரிகிறது.

முதல் இன்னிங்ஸில் கர்நாடகா 130-க்கு ஆல் அவுட். இரண்டாவதில் மணீஷ் பாண்டே 144, கணேஷ் சதீஷ் 75. இருவரும் சேர்ந்து எடுத்த 209 ரன் கூட்டணியை அன்று பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பாண்டேக்கு வயது இருபது. முந்தைய வருடம்தான் ஐபிஎல்லில் சதமடித்த முதல் இந்தியர் என்று பெயர் வாங்கியிருந்தார். அந்த ரஞ்சிப் பருவத்தில் மட்டும் 882 ரன். சரி, இந்த இருவரின் 219 ரன்னைக் கழித்துவிட்டால் மிச்சம் என்ன? உதிரி ரன்னையும் சேர்த்து 112. ஒன்பது பேர், 112 ரன். இந்த ஜோடி பிரிந்த பிறகு மும்பையின் அஜித் அகர்கர் ஒரு பக்கம் பிடுங்க ஆரம்பித்தார், இன்னிங்ஸில் மொத்தம் ஐந்து விக்கெட். மும்பைப் பக்கம் பாருங்கள். இரண்டாவது இன்னிங்ஸில் முன்வரிசை சரிந்தபோது 87 ரன் எடுத்து அணியைத் தூக்கி நிறுத்தியவர் தவல் குல்கர்னி. அவர் வேகப்பந்து வீச்சாளர்! ஆட்டத்தின் தீர்ப்பு இங்கே எழுதப்பட்டது, கடைசி விக்கெட்டில் அல்ல.

உடைந்த அணியை மறுபடி கட்டும்போது எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: எப்போது கோப்பைக்குப் போட்டியிடும்? இந்தக் கேள்விக்கு ரசிகர்கள் பார்க்கும் அளவுகோல் நட்சத்திரம். ஒரு பாண்டே கிளம்பினால் போதும், ‘ஈ சல கப் நம்தே’ (இந்த முறை கோப்பை நமதே) என்று கிளம்பிவிடுவோம். நான் பார்ப்பது அணியின் ஆறாவது ஆட்டக்காரரையும் மூன்றாவது வேகப்பந்து வீச்சாளரையும். இன்னும் ஒன்று: முக்கியமான ஒருவரை இந்திய அணிக்கு அழைத்துக்கொண்டு போன மறுநாள் அந்த இடத்தில் யார் நிற்கிறார் என்பது.

மைசூருவுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த அணி வளர்ந்துகொண்டே போகவில்லை. 2010-11 அரையிறுதியில் வதோதராவில் பரோடாவிடம் தோல்வி. 2011-12 காலிறுதியில் சொந்த ஊரான பெங்களூருவிலேயே ஹரியாணாவிடம் தோல்வி. 2012-13 காலிறுதியில் ராஜ்கோட்டில் சௌராஷ்டிராவிடம் வெளியேற்றம். அங்கே புஜாரா 352 அடித்துக் களைக்க வைத்தார். இறுதி, அரையிறுதி, காலிறுதி, காலிறுதி. படியில் ஏறியதாகத் தெரியவில்லை, இறங்கியதாகத்தான் தெரிகிறது. அந்த நாட்களில் தேர்வாளர்களைத் திட்டாத டீக்கடை இந்த வட்டாரத்தில் இல்லை.

ஆனால் அடியில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. 2010 நவம்பரில் மாநில கிரிக்கெட் சங்கத்துக்கு அனில் கும்ப்ளே தலைவரானார், மைசூருக்காரரான ஜவகல் ஸ்ரீநாத் செயலாளரானார். அதே மாதம் மங்களூரிலிருந்து வந்த ஒரு பதினெட்டு வயதுப் பையன் ரஞ்சியில் முதல் ஆட்டம் ஆடினான். பெயர் கே.எல்.ராகுல். முதல் ஆட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று வருடம் கழித்து, 2013-14 பருவத்தில், அதே ராகுல் 1033 ரன் குவித்தார். அந்தப் பருவத்தில் அறிமுகமான கருண் நாயர் அடுத்தடுத்து மூன்று சதம் அடித்தார். இந்த மூன்று வருடத்தைத்தான் ரசிகர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. பதினெட்டில் கண்டெடுத்த ஆள் இருபத்தொன்றில் பலன் தருகிறார். நடுவில் அவரைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கும் பொறுமைதான் மறுகட்டமைப்பில் பாதி வேலை.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்காரர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காத ஒரு கதை இதற்குப் பொருந்தும். 1791 மே மாதம், திப்பு சுல்தானை எதிர்த்து வந்த ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை வந்துவிட்டார், அரகெரேயில் சண்டையிலும் ஜெயித்துவிட்டார். ஆனாலும் கோட்டையைத் தொட முடியவில்லை. மழை பிடித்துக்கொண்டது, வண்டி மாடுகள் செத்து விழுந்தன, படைக்குச் சோறு இல்லை. பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டு பெங்களூருவுக்குத் திரும்பினார். 1792 பிப்ரவரியில் அவர் மறுபடி வந்தபோது பின்னால் தானிய மூட்டைகளோடு பஞ்சாரர்களின் மாட்டு வரிசை இருந்தது. அந்த முறை திப்பு பாதி ராஜ்ஜியத்தைக் கொடுத்து உடன்படிக்கை செய்ய வேண்டியிருந்தது. மைசூருவில் 2010-ல் கர்நாடகாவிடம் இருந்தது பீரங்கி. மாடு இல்லை.

2014-ல் இருந்தது. ஹைதராபாதில் மகாராஷ்டிராவுக்கு எதிரான இறுதி ஆட்டம் ஜனவரி 29 அன்று தொடங்கியது. அதற்கு முதல் நாள்தான் ஸ்டூவர்ட் பின்னி நியூசிலாந்தின் ஹாமில்டனில் இந்தியாவுக்காக முதல் ஒருநாள் ஆட்டம் ஆடினார். மட்டையும் பந்தும் இரண்டும் தெரிந்த ஒருவர் இறுதியாட்டத்தில் இல்லை என்றால் பழைய கர்நாடகா தடுமாறியிருக்கும். இந்த அணியோ 515 அடித்தது. ராகுல் 131, கணேஷ் சதீஷ் 117. ஆமாம், மைசூருவில் 75 எடுத்துத் தோற்ற அதே சதீஷ். கடைசியில் 157 ரன் இலக்கை ஏழு விக்கெட் மிச்சம் வைத்து முடித்தார்கள். 1998-99-க்குப் பிறகு முதல் கோப்பை. அதே பருவத்தில் விஜய் ஹசாரே, இரானி கோப்பைகளும் கூடவே வந்தன.

அடுத்த வருடம் இன்னும் தெளிவு. 2015 மார்ச், வான்கடே, எதிரே தமிழ்நாடு. (இந்தப் பத்தியைச் சென்னை வாசகர்கள் தாண்டிப் போகலாம்.) வினய் குமாரின் ஐந்து விக்கெட்டில் தமிழ்நாடு 134-க்குச் சுருண்டது. பதிலுக்கு ஆடிய கர்நாடகா 84-க்கு ஐந்து விக்கெட். காயத்தால் நடுவில் வெளியேறிய ராகுல் திரும்பி வந்தார். அவரும் கருண் நாயரும் ஆறாவது விக்கெட்டுக்கு 386 ரன் சேர்த்தார்கள். கருண் 328, ராகுல் 188. போதாதென்று கீழ்வரிசையில் வந்த கேப்டன் வினய் குமாருக்கும் ஒரு சதம். மொத்தம் 762. பின்னி அப்போதும் இல்லை. உலகக் கோப்பை அணியோடு ஆஸ்திரேலியாவில் இருந்தார். ஐந்து விக்கெட் போன பிறகு அறுநூற்றுக்கும் மேல் சேர்க்கிற அணியும், இருவரை நம்பி 331 எடுத்த அணியும் ஒன்றல்ல. இடையில் இருந்தது ஐந்து வருடம்.

அமெரிக்க பேஸ்பாலில் இதற்கு ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி 2011, 2012, 2013 மூன்று வருடமும் நூறு ஆட்டத்துக்கு மேல் தோற்றது. 2013-ல் மட்டும் 111 தோல்வி. அப்போது அங்கே கடைசி இடத்துக்கு வெகுமதி இருந்தது: புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முதல் வாய்ப்பு. 2015-ல் பிளே ஆஃப் போனார்கள், 2016-ல் தவறவிட்டார்கள், 2017-ல் கோப்பை. எதிரணியின் சைகைகளைத் திருடினார்கள் என்பது பின்னால் வெளிவந்து அந்தக் கோப்பையே அழுக்காகிவிட்டது, அது வேறு கதை. நமக்குத் தேவையானது நடுவில் இருக்கும் 2016. ஏறுமுகத்தில் இருக்கும் அணியும் ஒரு வருடம் சறுக்கும். அதைப் பார்த்துப் பயந்து கலைத்துப் போட்டால் கதை முடிந்தது. ரஞ்சியில் தோற்றால் வெகுமதி கிடையாது, பிளேட் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். ஏலமும் இல்லை. பெரும்பாலும் உள்ளூரில் விளைந்ததை வைத்துத்தான் சமைக்க வேண்டும். அதனால்தான் இங்கே காலம் கூடுதலாகப் பிடிக்கிறது.

ஐபிஎல் அணியை வைத்து இதைக் கணக்குப் போடக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். பெங்களூருவின் ஆர்சிபி பதினெட்டாவது பருவத்தில், 2025 ஜூன் 3 அன்று கோப்பை வென்றது. அந்த அணியை ஒரு ஏலத்தில் பாதிக்கு மேல் மாற்றிவிடலாம். மாநில அணியை அப்படி மாற்ற முடியாது.

சரி, இப்போதைய கர்நாடகா? 2025-26 பருவம் தொடங்கியபோதே கோப்பை வந்து பத்து வருடம் தாண்டிவிட்டிருந்தது. இடையில் மைசூரு தோல்விக்கு ஒரு இரட்டையும் நடந்தது: 2017 டிசம்பர், கொல்கத்தா அரையிறுதி, விதர்பாவுக்கு எதிராக 198 இலக்கு, 192-க்கு ஆல் அவுட், 5 ரன்னில் தோல்வி. இரண்டாவது இன்னிங்ஸில் ரஜ்னீஷ் குர்பானி ஏழு விக்கெட். ஜெயித்த விதர்பா அந்த வருடமே கோப்பையைத் தூக்கியது, அடுத்த வருடமும் தூக்கியது. நாம் அதற்குப் பிறகு அரையிறுதி, காலிறுதி என்றே சுற்றி வந்தோம். 2022-23 அரையிறுதியில் மயங்க் அகர்வால் 249 அடித்தும் சௌராஷ்டிராவிடம் தோற்றோம். மறுபடியும் அதே நோய்: ஒருவர் மலை, மற்றவர்கள் சமவெளி. 2024-25-ல் நாக் அவுட்டுக்கே தகுதி பெறவில்லை.

அதே 2024-25-ல் கர்நாடகா விஜய் ஹசாரே கோப்பையை வென்றது. இறுதியில் தோற்றது விதர்பா, அதற்குக் கேப்டன் கருண் நாயர்! இங்கே இடமில்லை என்று அங்கே போன கருண் அந்தப் போட்டியில் மட்டும் 779 ரன் எடுத்திருந்தார். பிறகு ரஞ்சியில் 863 ரன், இறுதியாட்டத்தில் ஒரு சதம், விதர்பாவுக்கு மூன்றாவது கோப்பை. வளர்த்த பிள்ளையை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறுகட்டமைப்பு என்று சொல்வதில் அர்த்தமில்லை. தேர்வாளர்கள் இதை யோசித்திருக்க வேண்டும். 2025-26 பருவத்துக்குக் கருண் திரும்பி வந்தார், அப்போது வயது முப்பத்து மூன்று. அவர் கோப்பையைப் பக்கத்தில் கொண்டுவரலாம். ஆனால் அடுத்த ஐந்து வருடத்துக்கு அணியைத் தாங்கப் போவது வேறு ஆட்கள்.

அவர்களில் என் கண் ஸ்மரண் மீது. இடது கை ஆட்டக்காரர். முதல் ரஞ்சிப் பருவத்திலேயே பஞ்சாபுக்கு எதிராக இரட்டைச் சதம், விஜய் ஹசாரே இறுதியில் சதம். இரண்டுமே பெரியவர்கள் அவுட்டான பிறகு எடுத்த ரன்கள். பிரகர் சதுர்வேதி 2024 ஜனவரியில் ஷிவமொக்காவில், கூச் பெஹார் இறுதியில் 404 நாட் அவுட். பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் போட்டியில் அடித்தது ரஞ்சியில் அப்படியே வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ராகுலுக்கு மூன்று வருடம் கொடுத்தார்கள், இவருக்கும் கொடுக்கட்டும். மட்டை வரிசை எனக்குக் கவலை தரவில்லை. கவலை பந்து வீச்சில். பிரசித் கிருஷ்ணா இந்திய அணிக்குப் போய்விடுவார் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும். வினய், மிதுன், அரவிந்த் என்று மூவர் ஒரே அணியில் பருவம் முழுக்க ஓடிய காலம் 2013-15. அதுபோன்ற மூவர் கூட்டணி இப்போது இல்லை.

ஆகவே 2025-26 தொடங்கியபோது என் கணிப்பு: அந்தப் பருவத்தில் நாக் அவுட் வந்தே ஆக வேண்டும், வராவிட்டால் சாக்கு இல்லை. கோப்பைக்கு 2027 வரை பொறுப்பேன். அதற்குள் ஓர் இறுதியாட்டம் வந்து, அதில் தோற்றாலும் அணியைக் கலைக்கச் சொல்ல மாட்டேன். அந்தப் பருவத்தின் முதல் ஆட்டம் ராஜ்கோட்டில், சௌராஷ்டிராவுடன் இருந்தது. யார் சதம் அடித்தார் என்பதை எல்லாத் தொலைக்காட்சியும் சொல்லிவிடும். ஐந்தாவது விக்கெட்டுக்குப் பிறகு எத்தனை ரன் வந்தது, மூன்றாவது வேகப்பந்து வீச்சாளர் எத்தனை ஓவர் போட்டார் என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன்.