வராத சட்டமும் வற்றிய கிணறும்

மருங்காபுரி என்ற பெயரை நாடே உச்சரித்த காலம் ஒன்று உண்டு. 1989 ஜனவரியில் தமிழகமெங்கும் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது தள்ளிவைக்கப்பட்ட தொகுதிகள் இரண்டு. ஒன்று மதுரை கிழக்கு, மற்றொன்று மருங்காபுரி. மார்ச் மாதம் இங்கே வாக்குப்பதிவு நடந்தபோது, இந்த வறண்ட சீமையின் மீது தலைவர்களின் பார்வையெல்லாம் விழுந்தது. பின்னர்த் தொகுதி மறுவரையறையில் பெயர் மறைந்தது. 2011 முதல் எங்கள் மக்கள் மணப்பாறைத் தொகுதியில் வாக்களிக்கின்றனர். பெயர் போனதில் எனக்கு வருத்தமில்லை. பெயர் இருந்த நாளிலும் எங்கள் தாகம் அந்த மன்றத்துக்குத் தெரிந்திருந்ததா என்பதே என் கேள்வி.

மக்கள் வாழ்வை உயர்த்துவதே முதற்கடமை என்று ஆளுநர் உரை ஆண்டுதோறும் கூறும். நிதிநிலை அறிக்கையும் கூறும். 2024 பிப்ரவரியில் படிக்கப்பட்ட அறிக்கை ஏழு இலக்குகளை வகுத்துத் தந்தது. சமூக நீதி அவற்றுள் ஒன்று. ஏழும் நல்லவையே. ஆயினும் தோழர்களே, ஒரு மன்றத்தின் முன்னுரிமையை அதன் உரையிலே தேடுதல் பேதைமை. எந்தச் சட்டத்தை அது எழுப்பி நடமாட விட்டது, எந்தச் சட்டத்தைத் தொட்டிலிலேயே உறங்க வைத்தது என்று காணவேண்டும்.

1967-இல் அண்ணாவின் அரசு சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டவடிவம் தந்தது. புரோகிதர் இன்றி, தீ வளர்க்காமல், மாலை மாற்றி மணந்தோர் கணவன் மனைவியரே என்றது. இனி நடப்பவற்றுக்கு மட்டுமா? அதற்கு முன்பே நடந்து முடிந்த திருமணங்களுக்கும் சேர்த்து! காலத்தின் பின்னே கைநீட்டி, அன்று பிறந்திருந்த பிள்ளைகளின் தலையிலிருந்து இழிசொல்லைத் துடைத்தெறிந்த சட்டம் அது. சட்டம் வாழ்க்கையைத் தொடுவது என்றால் அப்படித் தொடவேண்டும்.

இப்போது மற்றொரு சட்டத்தைக் காண்போம். 2003-இல் தமிழ்நாடு நிலத்தடி நீர் (மேம்பாடு மற்றும் மேலாண்மை) சட்டம் பிறந்தது. நிலத்தடி நீருக்கென ஓர் ஆணையம், நீர் குன்றிய பகுதிகளில் கிணறு தோண்ட அனுமதி, கிணறுகளுக்குப் பதிவு. ஏட்டிலே எல்லாம் இருந்தன. ஆனால் ஒரு நாள்கூட அது நடைமுறைக்கு வரவில்லை. அதை இயற்றிய கட்சி ஆட்சியை இழந்தது. எதிர்க்கட்சி ஐந்தாண்டு ஆண்டது. இயற்றிய கட்சியே திரும்பவும் வந்தது. 2013-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. வாழாத ஒன்றுக்கு மரணச் சான்றிதழ்! அதன் இடத்தில் வேறொரு சட்டத்தை அன்று வைத்தார்களா? இல்லை. ஒருவர் உறங்க வைத்தார், மற்றவர் எழுப்பவில்லை. இரு கழகங்களுக்கும் இதில் பங்குண்டு.

சென்னைக்கும் அதைச் சூழ்ந்த ஊர்களுக்கும் 1987-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது என்பதையும் மறக்கலாகாது. தலைநகரின் தொண்டை வறண்டால் மன்றத்துக்குக் கேட்கிறது. எட்ட இருக்கும் ஊர்களின் தொண்டை வறண்டால் கேட்பதில்லை.

நீர் வற்றியதற்கு வானத்தைப் பழிப்பவர் உண்டு. தமிழகத்தின் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப்பாறை. பாறையின் வெடிப்புகளில் தங்கும் நீர் சிறிது. அது நிரம்ப மழையும் காலமும் தேவை. 1990-இல் உழவர் அனைவருக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. கடனில் நெரிபட்ட உழவனுக்கு அது வேண்டியதே; அதைப் பழிக்கும் பட்டணத்துப் பொருளாதார மேதைகளோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மோட்டாரை ஓட்ட மின்சாரம் தந்த மன்றம், மோட்டார் எதை உறிஞ்சுகிறது என்று கேட்கவில்லை. 2017-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், பிர்க்கா எனப்படும் 1166 குறுவட்டங்களில் 462, ஊறுவதைவிட மிகுதியாக உறிஞ்சப்பட்டவை எனக் கண்டனர். என் வகுப்பில் ஒருநாள், வீட்டுக் கிணற்றின் ஆழம் எவ்வளவு என்று கேட்டேன். முந்நூறடி என்றான் ஒருவன்; அறுநூறு என்றாள் ஒருத்தி. "எங்க போர்ல தண்ணியே வரல சார், மூடி வெச்சிருக்கோம்" என்றான் மூன்றாமவன். அவன் வீட்டிலாவது மூடியிருக்கிறார்களே என்று நிம்மதி கொண்டேன்.

மூடாத கிணறு என்ன செய்யும் என்று இந்தப் பக்கத்து மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2019 அக்டோபர் 25 மாலை, மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். பக்கத்தில் குழி தோண்ட வந்த இயந்திரங்களைப் பாறை தடுத்தது. தீபாவளி வந்து போயிற்று. 29-ஆம் நாள் அதிகாலை உயிரற்ற உடல் மேலே வந்தது.

விதி இல்லாமலா? உச்ச நீதிமன்றம் 2010-லேயே கட்டளை தந்திருந்தது: கிணறு தோண்டுமுன் அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும், ரிக் வண்டி பதிவு பெற்றிருக்க வேண்டும், குழாய்க்கு இரும்பு மூடி, சுற்றிலும் வேலி வேண்டும், கைவிட்ட கிணற்றை மண்ணும் கல்லும் இட்டுத் தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும். 2015-இல் தமிழகத்திலும் ஊராட்சிகளுக்கு விதிகள் வந்தன. மூடி ஒன்றின் விலை எவ்வளவு இருக்கும்? அதைப் பார்த்துவர ஒருவரை அனுப்பும் செலவு எவ்வளவு இருக்கும்?

அதே 2019-இன் கோடையில் அரசு எதற்கு ஆணையிட்டது தெரியுமா? மழை வேண்டி யாகமும் வருண ஜெபமும் நடத்துமாறு கோயில்களுக்கு அறநிலையத்துறையின் சுற்றறிக்கை போயிற்று. அண்டா நீரில் அமர்ந்து அர்ச்சகர்கள் ஜெபித்த படங்கள் ஏடுகளில் வந்தன. ஜூன் மாதம் ஆளுங்கட்சியினரே கோயில் கோயிலாக யாகம் வளர்த்தனர். நிலத்தடி நீருக்கென இருந்த ஒரே மாநிலச் சட்டத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, வருணனிடம் மனுப்போட்ட ஆட்சி! மந்திரம் மட்டும் தடையின்றி ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. இரும்பு மூடி நடுக்காட்டுப்பட்டிக்குப் போய்ச் சேரவில்லை.

மன்றங்கள் நடத்தும் இளைஞர்களுக்கு ஒரு வேலை சொல்வேன். உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்குச் செல்லுங்கள். ஊரில் ஆழ்துளைக் கிணறுகள் எத்தனை, வற்றிக் கைவிடப்பட்டவை எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை என்று பதிவேட்டைக் கேளுங்கள். பதிவேடு இருந்தால் அதைக் கையில் கொண்டு தெருத்தெருவாகச் சரிபாருங்கள். இல்லையென்றால் நீங்களே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கிராம சபையில் படித்து, ஒரு படியைச் சட்டமன்ற உறுப்பினர் கையில் கொடுங்கள். எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பதையும் அதிலேயே குறித்து வையுங்கள்.