மரபணுச் சோதனையும் மாத்தளை முதியோரும்

முதுமையில் வரும் மறதிநோயின் ஆபத்தை மரபணுவிலேயே காணலாம் என்ற நம்பிக்கை 1993இல் வலுப்பெற்றது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஏபிஓஈ மரபணுவின் நான்காம் வகைக்கும் அல்சைமர் நோய்க்கும் உள்ள தொடர்பை அவ்வாண்டு காட்டினார்கள். தாய், தந்தையரில் ஒருவரிடமிருந்து அது வந்தால் ஆபத்து சுமார் மூன்று மடங்காகும், இருவரிடமிருந்தும் வந்தால் பத்து மடங்கைத் தொடும் என்பது ஐரோப்பிய வம்சாவளியினரிடம் கண்ட கணக்கு.

இந்த வகையைக் கண்டறியும் மரபணுச் சோதனையின் பயனை மறுப்பதற்கில்லை. நோயின் வேரைத் தேடும் ஆய்வுக்கு அது வழி திறந்தது. லெகானெமாப் போன்ற புதிய அல்சைமர் மருந்துகளால் மூளையில் வீக்கமோ இரத்தக்கசிவோ வரக்கூடியவர் யார் என்று முன்னரே எச்சரிக்கவும் உதவுகிறது.

ஆனால் ஐரோப்பிய வம்சாவளியினரின் ஆபத்துக் கணக்கை எல்லார் மீதும் ஏற்றக்கூடாது. 1998இல் வெளியான நியூயார்க் ஆய்வில், அந்த நான்காம் வகை இல்லாத லத்தீன் அமெரிக்க வம்சாவளி முதியோருக்கும் நோய் வரும் வாய்ப்பு, அதே நிலையிலுள்ள வெள்ளையரைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. இந்தியாவின் ஹரியானாவிலுள்ள பல்லப்கரிலோ அந்த வகை குறைவாகவே காணப்பட்டது. இருந்தவர்களிடம் அதன் தாக்கம் அமெரிக்கரிடம் கண்ட அளவுக்கே இருந்தது. ஒரு சமூகத்தின் ஆபத்தை அங்கேயே அளந்துதான் சொல்ல முடியும்.

மாத்தளையின் ரத்தோட்டை, எல்கடுவைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தும் ரப்பர் பால் வெட்டியும் முதுமை கண்டவர்களுக்கு இச்சோதனை இன்று என்ன தரும்? நோய் வரும் என்று அது உறுதியாகச் சொல்லாது. வராது என்றும் சொல்லாது. முடிவோ பிள்ளைகளையும் தொடும். சம்பந்தம் பேசும் இடத்தில் அந்த முடிவுக் காகிதம் பழியாகிவிடும்.

மரபணுவை மாற்ற முடியாது. மாற்றக்கூடியவை வேறு உண்டு. மறதிநோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் மதிப்பிட்டது. அது சுட்டிய 14 காரணிகளில் குறைந்த கல்வி, கேள்விக் குறைபாடு, பார்வைக் குறைபாடு, பிரஷர், சீனி வருத்தம், தனிமை ஆகியவை அடங்கும். பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோன தலைமுறைக்கு முதற்காரணியை வாழ்க்கையே எழுதிவிட்டது.

ஆகவே ஆய்வுக்கு மரபணுச் சோதனை வேண்டும். அந்த ஆய்வில் மலையகத் தமிழரும் இடம்பெற வேண்டும். வீட்டு முதியவருக்கு இப்போது வேண்டியது அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் பிரஷரும் சீனியும் பார்ப்பது, காதுக்குக் கருவி, கண்ணுக்குச் சிகிச்சை. மறதி தலைகாட்டினால் 'வயசு போனா அப்படித்தான்' என்று விடாமல் வைத்தியரிடம் அழைத்துப் போவது பிள்ளைகளின் கடமை. அந்த வைத்தியரைத் தோட்டத்துக்கு எட்டும் தூரத்தில் வைப்பது அரசின் கடமை.