காலித் துப்பாக்கிக்கும் தடுப்பு வேண்டும்: வீட்டுப் பயிற்சிக்கு எது நல்லது?

பெல்லட் போடாமல் நின்று, குறிபார்த்து, டிரிகரை அழுத்திப் பழகுவதுதான் ட்ரை ஃபயர். கடலூரில் பிறந்து, 2019இல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைபிள் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவனைப் பார்த்து இந்த விளையாட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு, வீட்டிலேயே செய்யக்கூடிய முதல் பயிற்சி இது.

ஆனால் காலி என்று நம்பிய துப்பாக்கியில் ஒரு பெல்லட் தங்கியிருந்தால்? பட்டினச்சேரி போன்ற மீனவ ஊர்களில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. கதவுக்கும் தகரத்துக்கும் அப்பால் ஆள் இருப்பார். அந்த ஒரு பெல்லட்டுக்காகத்தான் தடுப்பு. போட்டி ரைபிளிலிருந்து அது சுமார் 8 ஜூல் ஆற்றலோடு வெளியேறும். வீட்டில் சுவர் அருகில் இருக்கும் என்பதால், ஆளில்லாத திறந்தவெளியில், கண்ணாடி அணிந்து, கிட்டத்தில் நின்றும் நிஜ பெல்லட்டைச் சுட்டுப் பார்த்தேன்.

மரப்பலகை: வேண்டாம். பெல்லட் திரும்பித் தெறிக்கிறது. நேராக நிறுத்திய இரும்புத் தகடும் அப்படித்தான்.

சாய்தகடு வைத்த இரும்புப் பெட்டி: பெல்லட்டைக் கீழே திருப்பிவிடுகிறது. நிஜமாகச் சுடும் நாளுக்கும் உதவும். உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்பதால் எண்ணெய் தடவியே வைக்க வேண்டும்.

பழைய புத்தகக் கட்டு: செலவே இல்லை. நான்கு விரற்கடைக்குக் குறையாமல் இறுக்கிக் கட்டினால் பெல்லட் உள்ளேயே நின்றுவிடுகிறது. ஈரமும் கரையானும்தான் எதிரி.

மணல் பெட்டி: என் தேர்வு இதுதான். முன்பக்கம் அட்டை, மற்றப் பக்கங்கள் பிளைவுட். உள்ளே இரட்டைச் சாக்கில் கட்டிய மணல். ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம், 10 செ.மீ. ஆழம் போதும். தெறிப்பும் இல்லை, சத்தமும் இல்லை. கடற்கரை மணலின் உப்பு ஈரத்தை இழுக்கும். கட்டட வேலையில் மிஞ்சிய மணலைச் சலித்துக் காயவைத்துப் போடுங்கள்.

பெட்டியைத் தரையில் வைத்துப் பயனில்லை. போட்டியில் இலக்கின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கும். பெட்டியின் நடுவும் அங்கே வரவேண்டும். மணலோடு எடை 14 கிலோவைத் தொடும் என்பதால் உறுதியான ஸ்டாண்டு தேவை.

இந்தப் பெட்டிகள் ஏர் ரைபிளுக்கு மட்டுமே. .22 தோட்டாவின் ஆற்றல் சுமார் 140 ஜூல். அதற்கு இவற்றை நம்பவே கூடாது. ஸ்பிரிங் வகை ஏர் கன்னில் ட்ரை ஃபயர் செய்தால் பிஸ்டன் கெடும். ட்ரை ஃபயர் வசதியுள்ள அழுத்தக்காற்று ரைபிளே இதற்கு ஏற்றது.

எந்தத் தடுப்பை வாங்கினாலும் வரிசை ஒன்றுதான். பெல்லட் டப்பா வேறு அறைக்குப் போகட்டும். லோடிங் வாயைத் திறந்து கண்ணால் பாருங்கள். அதன் பிறகே தடுப்பை நோக்கி ரைபிளைத் தூக்குங்கள்.